பிறைக் கத்தி

பட்டறை வாசலில் காவல் நின்று சோதனை போடும் ஜாகாக்காரர், உலைக்களத்துத் தம்புசாமியின் தூக்குச் சட்டியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்தபோது, அய்யாவு அதே வரிசையில் சற்றுப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். துணியைப் பிரித்ததும் எண்ணெய் மினுங்கும் சின்னக் கத்தி ஒன்று தெரிந்தது. மூன்றாம் பிறை போல வளைந்த கத்தி. பிடி இன்னும் போடவில்லை. ஜாகாக்காரர் அதை வெயிலில் திருப்பிப் பார்த்தார், விரல் நுனியை விளிம்பில் வைத்தார், உடனே கையை இழுத்துக்கொண்டார். அவ்வளவு கூர்.

அந்தக் கத்தி அய்யாவுக்காகச் செய்தது.

யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையதுதான் என்றார் தம்புசாமி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரை ஆபீசுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். வரிசை நகர்ந்தது. அய்யாவின் முறை வந்தது. அவன் சட்டியில் இரண்டு சோற்றுப் பருக்கைகளைத் தவிர ஒன்றும் இல்லை. அவன் வெளியே வந்து, மற்றவர்கள் போகிற திசையிலேயே நடந்தான். வாயைத் திறக்க வேண்டிய நேரம் இதுதான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கால்கள் நடந்துகொண்டே இருந்தன.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம். ரப்பர் விலை விழுந்து, பின்னாலேயே ஈய விலையும் விழுந்திருந்தது. செந்தூலில் ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல்களின் இரும்பு உருப்படிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்த அந்தப் பட்டறையில் மாதா மாதம் ஆள் குறைத்தார்கள். வேலை போனவன் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீட்டையும் விட வேண்டும். கடலுக்கு அப்பாலுள்ள சொந்த ஊருக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் கப்பலில் இலவசமாக ஏற்றி அனுப்பினார்கள். லயத்தில் பல வீடுகளுக்குக் குறுக்கே பலகை அடித்துக் கிடந்தது. வாசல் சோதனை கடுமையானதும் அப்போதுதான். குப்பையில் கிடக்கும் இரும்புத் துண்டாக இருந்தாலும் அது கம்பெனிச் சொத்து, வெளியே போகக் கூடாது.

அய்யாவு அங்கே இரும்பு கடையும் லேத்து ஓட்டினான். தோல் வேலை அவனுக்குப் பிழைப்பு அல்ல. ஒரு சமயம் துரை வீட்டுக் குதிரைச் சேணத்தின் இரும்பு வளையம் அறுந்து பட்டறைக்கு வந்தது. வளையத்தைக் கடைந்து போட்டவன், சேணத்தின் தையலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான். கோடு கிழித்தாற்போல ஒரே சீராகப் போகிற தையல். இதை ஒரு மனிதன் கையால் செய்திருக்கிறான் என்ற எண்ணம் அவனை விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து போய், அங்கே சப்பாத்து தைக்கும் சீனரிடம் கழித்துப் போட்ட தோல் துண்டுகளை வாங்கி வந்தான்.

தோலைவிடத் தோலுக்கான கருவிகள்தான் அவனை முழுதாகப் பிடித்துக்கொண்டன. கடையில் வாங்க அவனுக்கு மனமில்லை. இரும்பைத் தெரிந்தவன் எதற்கு வாங்க வேண்டும்? ஒடிந்த குடைக் கம்பியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கி, கொய்யாக் கட்டையில் பிடி போட்டுக் குத்தூசி செய்தான். குடையின் நடுக் குழாயை வெட்டி, ஒரு முனையை உட்பக்கமாக அராவி எடுத்து, துளை போடும் குழாய் ஆக்கினான். ஓடாத கடிகாரம் ஒன்றிலிருந்து பல் சக்கரத்தைக் கழற்றி, பிளந்த பித்தளைத் தண்டின் நடுவில் பொருத்தினான். அதைத் தோலின் மேல் உருட்டினால் தையல் விழ வேண்டிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பதிந்தது. அன்றைக்கு அவன் அதைச் சோறு ஆறும் வரை உருட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வள்ளியம்மா மூன்று முறை கூப்பிட்டுவிட்டுத் தானே சாப்பிட்டாள்.

லயத்தில் பேச்சு வராமல் இல்லை. செருப்புத் தைக்கிறவன் வேலையை இவன் எதற்குச் செய்கிறான் என்று பெண்கள் குழாயடியில் வள்ளியம்மாவிடமே கேட்டார்கள். அவள் தோலை வீட்டுக்குள் விடவில்லை. பின்பக்கத் தகரச் சாய்ப்பில் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்து, எழுந்து வரும்போது கை கால் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள். அதற்கு மேல் அவனைத் தடுக்கவில்லை. கள்ளுக்கடைக்குப் போகாத புருஷன் சாய்ப்பில் உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

தம்புசாமி உலைக்களத்தில் இருந்தார். அய்யாவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். பிள்ளைகள் இல்லை. தோலில் அவருக்கு ஆசை கிடையாது. ஆனால் இரும்பை எந்த நிறத்தில் நெருப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு வெறி உண்டு. தோல் வெட்டப் பிறை மாதிரி ஒரு கத்தி வேண்டும், உடைந்த ரம்பத் தகடு ஒன்று கழிவு மேட்டில் கிடக்கிறது என்று அய்யாவு சொன்னதும், அவருக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் தகட்டைச் சுட்டு மென்மையாக்கிக் கொடுத்தார். அய்யாவு அதைப் பிறையாக அராவினான். மறுபடி தம்புசாமி அதை நெருப்பில் சிவக்க வைத்து, தேங்காயெண்ணெயில் அமிழ்த்தி, திரும்ப மெல்லச் சூடேற்றி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினார். முதல் முறை ஓரத்தில் வெடிப்பு விட்டது. இரண்டாவது வளைந்தது. மூன்றாவதுதான் சரியாக வந்தது.

சோதனை அடங்கட்டும், அதுவரை உலைக்குப் பின்னால் கிடக்கட்டும் என்றுதான் தம்புசாமி சொன்னார். அய்யாவுக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு ஞாயிறு அண்ணே, ஒரு தடவை வெட்டிப் பார்க்கிறேன் என்று காலையிலிருந்து அவரை நச்சரித்தான். லேத்துக்காரன் என்று என் சட்டியை ஜாகா கொட்டிப் பார்ப்பான், வயசில் மூத்தவர் உங்க சட்டியை யாரும் பார்க்க மாட்டாங்க என்று சொன்னதும் அவன்தான்.

வீட்டுக்கு வந்து வள்ளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே அடுப்பைத் தணித்தாள். பிறகு சாய்ப்புக்குப் போய், கருவிகளை எல்லாம் சாக்கோடு சேர்த்துச் சுருட்டி, விறகுக்கு அடியில் தள்ளினாள். அவன் எழுந்து போய் உண்மையைச் சொல்லப் போவதாகச் சொன்னபோது வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"அவரு உங்க பேரைச் சொல்லல. அது அவரு நமக்குக் குடுத்தது. வாங்கிக்குங்க."

"எப்படி வாங்கிக்கறது வள்ளி?"

"கையை நீட்டி வாங்கிக்கறதுதான். இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு நான் எந்தக் கப்பல்ல ஏறுவேன்?"

அவன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். தம்புசாமியைத் திருடன் என்று போலீசில் கொடுத்துவிடுவார்கள் என்று லயத்தில் ஒருவர் சொன்னார். இல்லை, கப்பலேற்றிவிடுவார்கள் என்றார் இன்னொருவர். அய்யாவு இரண்டையும் கேட்டான்.  சோறு இறங்கவில்லை.

ஞாயிறு மத்தியானம், வள்ளியம்மா கண்ணயர்ந்த நேரத்தில், தம்புசாமி வீட்டுக்குப் போனான். அவர் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அய்யாவு பக்கத்தில் போய் உட்கார்ந்தும் திரும்பவில்லை. திங்கட்கிழமை வந்து பார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான் என்றார். அய்யாவு பேச வாயெடுத்தபோது, "பேசாம வேலைக்குப் போ. புள்ளத்தாச்சி வூட்ல இருக்கு," என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்தவனை அவர் மனைவி நல்லம்மாள் பின்பக்கம் கூப்பிட்டாள். தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்று, வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே மெல்லப் பேசினாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. தை மாசம் இதே லயத்தில் வேலை போன ஒரு மனிதர் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டது நினைவிருக்கிறதா என்று கேட்டாள். தன் புருஷனுக்கு உலைச் சூட்டில் கண் மங்கி வருகிறது, அடுத்த ஆள் குறைப்பில் தன் பெயர் வரும் என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். வீட்டிலிருந்த அருவாமனை, சவரக் கத்தி, கொடிக் கயிறு எல்லாவற்றையும் அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, நேற்றிலிருந்து அவரைத் தனியாக விடாமல் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"அவ்வளவு கூரா ஒரு கத்தியை இவரு எதுக்குத் தம்பி செஞ்சாரு? என்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. உனக்குத் தெரியும்னா சொல்லிடு. எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன்."

அய்யாவு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அது தோல் வெட்டுற கத்தி அண்ணி. எனக்காகச் செஞ்சது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் திரும்பவும் சொன்னான். கழிவு மேட்டுத் தகடு, சாப்பாட்டு நேரம், நச்சரித்தது, சட்டியில் வைக்கச் சொன்னது, வரிசையில் பேசாமல் நின்றது, எதையும் விடவில்லை. நல்லம்மாள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவர் சாகத் துணியவில்லை என்று தெரிந்த நிம்மதிதான் அந்த அழுகை. அது கொஞ்ச நேரம்தான். எழுந்தபோது முகம் மாறியிருந்தது. விளையாட்டுக்குத் தோல் வெட்டவா என் புருஷன் திருடன் ஆனார் என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. நாளைக் காலையில் நீயே போய்ச் சொல், நீ போகாவிட்டால் நான் போய்ச் சொல்லுவேன் என்றாள்.

திங்கட்கிழமை காலை அய்யாவு விறகுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்து எடுத்தான். வள்ளியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை வாசலில் வந்து நிற்கவில்லை. நல்லம்மாள் சொன்னதை அவன் சொல்லியிருந்தான். அவள் சுவரில் சாய்ந்து, வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி கார்த்திகேசு இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோகிறவர் அவர்தான். அய்யாவு சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். துரை உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டதால் அவரால் அவனை நிறுத்த முடியவில்லை. அய்யாவு சாக்கைத் துரையின் மேசை மேல் விரித்தான்.

துரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இது எதிலிருந்து என்று கேட்டார். குடைக் கம்பி என்று சொன்னான். இது? குடைக் குழாய். இது? கடிகாரம். பல் சக்கரம் வைத்த கருவியை அவர் மேசையில் கிடந்த காகிதத்தின் மேல் உருட்டினார். புள்ளிகள் வரிசையாக விழுந்தன. இன்னொரு முறை உருட்டினார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததைப் பார்த்து அய்யாவுக்கு நம்பிக்கை பிறந்தது. நல்ல கை என்கிறார் துரை என்று கார்த்திகேசு மொழிபெயர்த்தார். பிறகு, சனிக்கிழமை பிடித்து வைத்திருந்த பிறைக் கத்தியைக் காட்டி, இதை எந்த உலையில், எந்த நேரத்தில், யாருடைய கரியில் சுட்டது என்று துரை கேட்டார். அய்யாவு உள்ளதைச் சொன்னான்.

கார்த்திகேசு அதை மொழிபெயர்க்கச் சற்றுத் தயங்கினார். பிறகு மொழிபெயர்த்தார்.

துரை நிறைய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பிறைக் கத்தியை மட்டும் மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். மற்றவற்றைச் சாக்கோடு தள்ளிவிட்டார். ஒருவன் கழிவில் கிடந்ததை எடுத்தால் அது சில்லறைத் தப்பு. இரண்டு பேர் கூடிக் கம்பெனி உலையில் பொருள் செய்து வெளியே கடத்தினால் அது வேறு என்றார். போலீசுக்குச் சொல்ல மாட்டார். இரண்டு பேரும் வார முடிவுக்குள் லயத்தை விட்டுவிட வேண்டும்.

வெளி அறைக்கு வந்ததும் கார்த்திகேசு அவனை நிறுத்தினார்.

"நீர் ஏன் வந்து இதைச் சொன்னனீர்? அந்தாளுக்கு ஒரு எச்சரிக்கை குடுத்து விடுறதெண்டு துரை சனிக்கிழமையே சொல்லிப்போட்டார். இண்டைக்கு அதைச் சொல்லத்தான் கூப்பிட்டது."

அய்யாவு சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.  அறை வாசலில், கூப்பிடுவார்கள் என்று முகம் கழுவி வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்திருந்தார் தம்புசாமி. கார்த்திகேசு சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

தம்புசாமி எழுந்து லயத்தை நோக்கி நடந்தார். அய்யாவு பின்னாலேயே நடந்தான். நல்லம்மாள் வாசலில் காத்திருந்தாள். அவர் அவளைத் தாண்டி உள்ளே போகாமல், திரும்பி அய்யாவைப் பார்த்தார்.

"உன் மனசை நீ கழுவிக்கிட்ட அய்யாவு. அந்தத் தண்ணி என் அடுப்புல ஊத்திருச்சு."

"நான்தான் போகச் சொன்னேன்," என்றாள் நல்லம்மாள். "அவனைச் சொல்லாதீங்க. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேன்."

அவர் உள்ளே போனார். அரிசிப் பானைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அதுவரை தெரியாது. அன்றைக்குத்தான் அவள் அதையெல்லாம் எடுத்து வெளியே வைத்தாளாம். சவரக் கத்தியையும் கயிற்றையும் பார்த்துவிட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை நல்லம்மாள் பிறகு வள்ளியம்மாவிடம் சொன்னாள்.

அந்த வாரம் அய்யாவு போகாத இடமில்லை. ரயில் பட்டறை வாசலில் நின்றான். அங்கேயும் ஆள் குறைப்பு. மஸ்ஜித் இந்தியாத் தெருவில் ஜவுளி மூட்டை இறக்கக் கேட்டான். மூட்டையே வருவதில்லை என்றார்கள். பிரிக்பீல்ட்ஸ் சீனரிடம் சாக்கை விரித்துக் காட்டினான். அவர் குத்தூசியை எடுத்து ஒரு தோலில் குத்திப் பார்த்தார், மெச்சித் தலையை ஆட்டினார், தன் அண்ணன் மகன்கள் இரண்டு பேர் வேலையில்லாமல் மாடியில் படுத்திருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். திரும்பி நடந்தபோது ஆற்றுப் பாலத்தில் நின்று அந்தச் சாக்கைத் தூக்கித் தண்ணீரில் போட்டான். அது உடனே முழுகவில்லை. கொய்யாக் கட்டைப் பிடிகள் சாக்கைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் மிதந்தன. அதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

தம்புசாமி ஊருக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டார். கண் மங்கியவருக்கு இனி எங்கே வேலை? சனிக்கிழமை கிள்ளானுக்குப் போகிற ரயிலில் ஏறினார்கள். கிள்ளானைத் தாண்டித்தான் கப்பல் துறை. அய்யாவு கேட்காமலேயே அவர்களுடைய தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கூடவே போனான். தம்புசாமி தடுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோன ரப்பர் மரங்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். துறையில் ஊருக்குப் போகிறவர்களைத் தனியாக ஒரு கொட்டகையில் அடைத்திருந்தார்கள். கம்பி வேலிக்கு உள்ளே பிள்ளைகள் அழுதன. பெட்டியைச் சோதித்து உள்ளே வாங்கிக்கொண்டார்கள். அய்யாவுக்கு அனுமதி இல்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அண்ணே என்று கூப்பிட்டான். கூட்டத்தில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் கேட்டாரோ இல்லையோ, திரும்பவில்லை. நல்லம்மாள் ஒரு முறை திரும்பி, போ என்பது போலக் கையை அசைத்தாள்.

அய்யாவு செந்தூலுக்குத் திரும்பி வள்ளியம்மாவை அழைத்துக்கொண்டு கிள்ளானுக்கே வந்தான். துறையில் ஆள் எடுப்பார்கள் என்று ஒரு பேச்சு. பெரும்பாலான நாள் எடுக்கவில்லை. ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் ஓலை வேய்ந்த அத்தாப்புக் குடிசை கிடைத்தது. தேங்காய் உரித்தான், சேற்றில் இறங்கி வாய்க்கால் வெட்டினான். ஒரு வேளை மரவள்ளிக் கிழங்கு, ஒரு வேளை கஞ்சி. தன்னால்தான் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஒரு நாள், வள்ளியம்மா அவன் வாயைப் பொத்தினாள். சொல்லிச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம், இனிமேல் சொல்லாதீங்க என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மழைக்காலத்தில் அவளுக்கு வலி வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மருத்துவச்சி இருந்தாள்; அவளைக் கூட்டிவர முழங்கால் தண்ணீரில் ஓடினான். அவர்கள் வந்து சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. மூச்சு இருக்கிறதா என்று கேட்கக்கூட அவனுக்குத் துணிவு வரவில்லை. பிறகு அழுகைச் சத்தம் கேட்டது.

மறு வருஷம் துறையில் சரக்குக் கொட்டகையில் நிலையான வேலை கிடைத்தது. தோலை அவன் மறுபடி தொடவில்லை. சேணம் போட்ட குதிரை எதிரே வந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வான்.

ஊருக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சந்தையில் தம்புசாமியைப் பார்த்ததாகச் சொன்னார். உயிரோடு இருக்கிறார், கண் இப்போது அறவே தெரியவில்லை, நல்லம்மாள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார் என்றார். அய்யாவைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று அவன் கேட்டான். அந்த மனிதர் சற்று யோசித்து, இல்லை என்றார். நல்லம்மாள் மட்டும் விசாரித்தாளாம், பிள்ளை தங்கியதா என்று.

அந்த மனிதர் அடுத்த வருஷம் திரும்ப ஊருக்குப் போவதாக இருந்தார். தங்கியது, பெண் பிள்ளை என்று சொல்லச் சொல்லி அனுப்பினான் அய்யாவு.